தப்பான திசையில் ஓடிய பதினோரு பேர்

மணி அடித்தது.

மேசை மேலிருந்த வருகைப் பதிவேட்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். எனக்குச் சொல்லப்பட்டிருந்த வேலை அதுதான். நெருப்பு மணி அடித்தால் மனிதவள அலுவலர் பதிவேட்டோடு வெளியே வேப்பமரத்தடியில் போய் நிற்க வேண்டும். வருகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எண்ண வேண்டும். அந்த மனிதவள அலுவலர் சாட்சாத் நான்.

தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பெண்கள் எழுந்தார்கள். தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டின் மேல், ஒருவர் பின் ஒருவராக, பேசாமல், சிரிக்காமல் நடந்தார்கள். எங்கள் துணியை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பிவைத்த இன்ஸ்பெக்ஷன் சார், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மெல்லத் தலையாட்டினார். எங்கள் மேனேஜர் முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

அப்போது பதினோரு பெண்கள் மட்டும் மஞ்சள் கோட்டை விட்டு விலகினார்கள். வரிசைக்கு எதிர்த்திசையில், புகை வந்த பக்கமாக, ஓட்டமெடுத்தார்கள். ஒருத்தி குடிதண்ணீர்க் குடத்தையே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள்.

“வெளியே போங்க! வெளியே!” என்று மேனேஜர் கத்தினார். யார் காதில் விழுந்தது?

அவர்கள் ஏன் ஓடினார்கள் என்று சொல்வதற்கு முன்னால் நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் என்னை நல்லவன் என்று நினைத்துத் தொலைப்பீர்கள்.

கிழங்கு வந்த வழி

போன வாரம் வந்த கடிதங்களில் ஒரு வாசகர், “இத்தனை வாரமாக எழுதுகிறீர்களே, நீங்கள் எப்போதாவது உருப்படியான வேலை ஏதும் பார்த்ததுண்டா?” என்று கேட்டிருந்தார். ஐயா, பார்த்தேன். ரொம்ப உருப்படியாகப் பார்த்தேன். அதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் காரவள்ளி. கொல்லிமலைக்கு ஏறும் ரோடு எங்கள் ஊரில்தான் முதல் வளைவு எடுக்கும். அப்பாவுக்குக் கொஞ்சம் காடு, ஒரு கிணறு. கிணற்றில் தண்ணீரைத் தவிர மற்ற எல்லாம் இருந்தது. நான் தபால் வழியில் எம்.ஏ. முடித்துவிட்டு டீக்கடையில் பேப்பர் படிக்கும் உத்தியோகத்தில் இருந்தேன். “நெழல்ல உக்காந்து பாக்கற வேலையா ஒண்ணு தேடிக்க சாமி” என்று அம்மா தினமும் சொல்லும்.

தொண்ணூறுகள் முடியப் போகிற நேரம். ஊருக்கு வெளியே மூடிக் கிடந்த, ஜவ்வரிசி செய்கிற சேகோ பேக்டரியை யாரோ வாடகைக்கு எடுத்து, சுவருக்கு வெள்ளையடித்து, பனியன் கம்பெனி போர்டு மாட்டினார்கள். கைக்குழந்தைகளுக்கான பனியன் துணி தைத்துக் கடல் கடந்து அனுப்புகிற எக்ஸ்போர்ட் கம்பெனி. எத்தனை கோட் வெள்ளையடித்தும் மழை பெய்தால் சுவரிலிருந்து புளித்த கிழங்குமாவு வாசம் கிளம்பும். ஒரு காலத்தில் மலையிலிருந்து லாரி லாரியாக மரவள்ளிக்கிழங்கு அங்கேதான் வந்து இறங்கும். இப்போது அதே வழியில் பெண்கள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கிழங்கை எடை போட்டு இறக்கினார்கள், பெண்களைத் தலை எண்ணி இறக்கினோம். அவ்வளவுதான் மாற்றம்.

ஆபீஸ் வாசலில் இரண்டு பெரிய பலகைகள் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தன. தொழிலாளர்களை எப்படி நடத்துவோம் என்று வாங்குகிறவர்களுக்கு நாங்கள் கொடுத்த வாக்குறுதிகள். ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. தமிழ்ப் பலகையை யாரோ அகராதியை மடியில் வைத்துக்கொண்டு எழுதியிருந்ததால் அதுவும் ஆங்கிலம் மாதிரியே இருந்தது. அதைப் படித்து அர்த்தம் சொல்ல ஆள் தேவைப்பட்டது. எம்.ஏ. படித்த நான் அகப்பட்டேன்.

நிழலில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. மேலே ஃபேன் வேறு. அம்மா கோயிலில் பொங்கல் வைத்தது.

பதினான்கு கேள்விகள்

அர்த்தம் சொல்வது ஒரு நாள் வேலை. மற்ற நாட்களில் என் வேலை வேறு. இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவர் தொழிலாளர்களிடம் என்னென்ன கேட்பார் என்று எழுதி, அதற்கெல்லாம் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று பாடம் நடத்துவது. மொத்தம் பதினான்கு கேள்விகள். சாப்பாட்டு நேரத்தில் பாதியைப் பிடுங்கி வகுப்பெடுத்தேன்.

“வேலை எத்தனை மணிக்கு முடியும்?”

“அஞ்சரைக்குங்க!” என்று கோரஸாகச் சத்தம் வரும். மலைக்குப் போகும் கம்பெனி பஸ் எட்டு மணிக்கு முன்னால் கிளம்பியதே கிடையாது.

“பாத்ரூம் போகணும்னா யார்கிட்டயாவது கேக்கணுமா?”

“கேக்க வேண்டியதில்லீங்க!” முப்பது பேருக்கு ஒரு மரக்கட்டை இருந்தது. அந்தக் கட்டை கையில் இருந்தால்தான் போகலாம். இன்ஸ்பெக்ஷன் நாளில் கட்டைகளை என் மேசை டிராயரில் போட்டுப் பூட்டுவேன்.

“கதவெல்லாம் பூட்டி வச்சிருப்பாங்களா?”

“எப்பவும் தெறந்துதாங்க இருக்கும்!”

“கையில காயம் எப்படி வந்தது?”

“ஊட்டுல அருவாமனை பட்டுருச்சுங்க!”

இந்தப் பதினான்கில் வராத கேள்வி ஏதாவது வந்துவிட்டால் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். “தெரியாதுங்க சார், ஆபீஸ்ல கேட்டுக்குங்க.” இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. மேனேஜர் இதற்காக என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

மலைப் பெண்கள் பன்னிரண்டு பேரும் பின் வரிசையில் உட்காருவார்கள். அவர்களில் மூத்தவள் நல்லம்மா. முப்பது வயதுக்கு மேல் இருக்கும். வெற்றிலை போடக் கூடாது என்று நாங்கள் சட்டம் போட்டிருந்ததால் எப்போதும் வெறும் வாயை மென்றுகொண்டிருப்பாள். ஒரு நாள் கையைத் தூக்கினாள்.

“ஏனுங்க சார், அஞ்சரைக்கு முடியுதுன்னு நாங்க சொன்னா, அன்னைக்காச்சும் அஞ்சரைக்கு உட்டுருவீங்களா?”

வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சம்பளம் வாங்குகிறவன் சிரிக்கலாமா? “பதினான்காவது கேள்விக்கு வாங்க” என்றேன்.

வெட்கமில்லாமல் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த வேலையை நான் ரசித்துச் செய்தேன். நான் சொல்லிக்கொடுத்ததை அத்தனை பேரும் பிசகாமல் ஒப்பிக்கும்போது ஒரு வாத்தியாருக்கு உண்டாகிற பெருமை இருக்கிறதே, அது எனக்கு வந்தது.

குண்டனி நாட்டில் ஒரு கூட்டம்

இந்தப் பன்னிரண்டு பேரை வேலைக்கு எடுக்க மலைக்குப் போனது அதற்கு ஒரு வருஷம் முன்னால். நானும் மேனேஜரும் ஜீப்பில் போனோம். மேனேஜர் சமவெளி ஆள். முப்பதாவது வளைவுக்குள் வாயைக் கர்ச்சீப்பால் பொத்திக்கொண்டார். அதற்கு மேல் உள்ள வளைவுகளில் நடந்ததை எழுதினால் நீங்கள் காலைச் சாப்பாடு சாப்பிட முடியாது.

மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள். குண்டனி நாட்டில் ஒரு சிற்றூர். பலாமரத்தடியில் முப்பது நாற்பது பேர் கூடினார்கள். மேனேஜர் முகத்தைக் கழுவிக்கொண்டு பேச ஆரம்பித்தார். பஸ் வரும், டீ உண்டு, பிஸ்கட் உண்டு, ஆபத்து என்பதே கிடையாது, சொந்த வீடு மாதிரி இருக்கும். நான் பக்கத்தில் ஃபைலோடு நின்று, அவர் சொல்கிற ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன்.

சொந்த வீடு மாதிரி என்ற இடத்தில்தான் கீழ்ச்சரிவிலிருந்து ஒரு சத்தம் வந்தது. “தீயோவ்!” என்று நீட்டி ஒரே ஒரு குரல்.

கூட்டம் அப்படியே காணாமல் போயிற்று. யாரும் யாரையும் பார்க்கவில்லை, என்ன ஏது என்று கேட்கவில்லை. போகிற போக்கில் பச்சைக் கொம்புகளை ஒடித்துக்கொண்டு சரிவில் இறங்கி ஓடினார்கள். பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தவள் பிள்ளையைத் தரையில் உட்காரவைத்துவிட்டு எச்சில் கையோடு ஓடினாள். ஒரு புல் கூரை பற்றிக்கொண்டிருந்தது. இருபது வயதுப் பெண் ஒருத்தி பக்கத்து வீட்டுக் கூரை மேல் ஏறி, தீ தாவிவிடாமல், புல்லைக் கற்றை கற்றையாகப் பிய்த்துக் கீழே வீசினாள். மற்றவர்கள் கொம்பால் அடித்தே தீயை அடக்கினார்கள். பாதிக் கூரை போயிற்று. உள்ளே கட்டியிருந்த ஆடு பிழைத்தது.

நான் தூரத்தில் நின்று ஃபைலைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டேன். மேனேஜர் ஜீப்பில் ஏறி இன்ஜினை ஓடவிட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

கரி முகத்தோடு திரும்பி வந்த நல்லம்மாவை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். கூரையேறிய பெண் அவள் நாத்தனார், பெயர் பாவாயி. “எல்லாரும் இப்படி ஓடுறீங்களே, பயமில்லையா?” என்று கேட்டேன்.

“எங்கூர்ல தீன்னு சத்தங் கேட்டா ஊட்டுக்கு ஒராளு போயே ஆவோணுங்க” என்றாள் நல்லம்மா. “போவாத ஊட்டுல அப்பறம் சாவே உழுந்தாலும் ஆரும் எட்டிப் பாக்கமாட்டாங்க. அது அப்பிடித்தானுங்க.”

மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். “பாத்தீங்களா, என்ன ஒத்துமை! இவங்கதான் நமக்கு வேணும்” என்று அங்கேயே பன்னிரண்டு பேரை எழுதிக்கொண்டார்.

ஊசி நுனி

கைக்குழந்தைத் துணி தைக்கிற கம்பெனிகளில் ஒரு கண்டிப்பான சட்டம் உண்டு. மிஷினில் ஊசி உடைந்தால் உடைந்த துண்டு அத்தனையையும் தேடியெடுத்து, ஒரு நோட்டில் டேப் போட்டு ஒட்டி, தேதி போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் துணிக்குள் போயிருக்கலாம், எங்கோ ஒரு குழந்தைக்குக் குத்திவிடலாம். நல்ல சட்டம். நான் கேலி செய்யவில்லை.

இன்ஸ்பெக்ஷனுக்கு நாலு நாள் இருக்கும்போது பாவாயியின் மிஷினில் ஊசி உடைந்தது. விரல் உள்ளே போகாமல் தடுக்க ஊசிக்கு முன்னால் ஒரு கம்பி இருக்க வேண்டும். அது இருந்தால் வேகம் குறைகிறது என்று எல்லா மிஷினிலும் கழற்றிப் போட்டிருந்தோம். வலது கை ஆள்காட்டி விரல் நகத்தின் மேல் இறங்கிய ஊசி மூன்றாக உடைந்தது. சூப்பர்வைசர் ஓடி வந்து முதலில் ரத்தம் படாமல் துணியை எடுத்தார். அடுத்து ஊசித் துண்டுகளைத் தேடினார். இரண்டு கிடைத்தன. நுனி கிடைக்கவில்லை.

பாத்ரூமுக்குக்கூட நிற்காத தையல் லைன் அன்றைக்கு நின்றது. காலையிலிருந்து தைத்த துணி அத்தனையையும் மேசையில் குவித்தார்கள். மெட்டல் டிடெக்டரைக் கொண்டுவந்து ஒவ்வொரு துணி மேலும் தடவினார்கள். மேனேஜர் சட்டைக் கையை மடித்துவிட்டு அவரே குனிந்து மேசைக்கடியில் தேடினார். பெயர் தெரியாத ஒரு குழந்தை மேல் அவருக்கு அத்தனை பாசம். பாவாயி ஓரமாக நின்று, விரலைச் சேலைத் தலைப்பில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. டிடெக்டர் வாயைத் திறக்கவில்லை. பார்த்து முடித்த துணிக்கட்டை எடுத்துவைக்கப் பாவாயி கையை நீட்டினாள். ‘கீ’ என்று கத்தியது.

துணிக்கட்டை விலக்கிவிட்டு விரல் மேல் மட்டும் காட்டினார்கள். மறுபடி ‘கீ’.

“அப்பாடா!” என்றார் மேனேஜர். “துணியில இல்லை!”

லைன் உடனே ஓடத் தொடங்கியது.

நோட்டில் நுனிக்கு உண்டான இடம் காலியாக இருந்தது. அதைக் காலியாக விட முடியாது. ஒரு புது ஊசியை எடுத்துக் குறடால் நுனியை ஒடித்து, டேப் போட்டு ஒட்டி, கையெழுத்துப் போட்டேன். ஒடித்தவன் நான், ஒட்டியவன் நான், கையெழுத்தும் என்னுடையது. மேனேஜர் சொல்லித்தான் செய்தேன் என்று இங்கே எழுதக் கை வந்தது, ஆனால் மேனேஜர் ஒன்றும் என் கையைப் பிடித்துக் கையெழுத்துப் போடவைக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனால் விபத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். விபத்துப் பதிவேடு ஒரு வருஷமாகச் சுத்தமாக இருந்தது. அதனால் இன்ஸ்பெக்ஷன் முடிகிற வரைக்கும் பொறுத்துக்கொள்ள வேண்டும், முடிந்த அன்றைக்கே கம்பெனி ஜீப்பில் ஆஸ்பத்திரி என்று முடிவாயிற்று. இந்த வாரம் மலை ஆட்களில் ஒருவர் லீவு போட்டாலும் மலைக்கு விடுகிற பஸ்ஸை நிறுத்திவிடுவேன் என்று மேனேஜர் சேர்த்துச் சொன்னார். பஸ் நின்றால் பன்னிரண்டு பேருக்கும் வேலை போச்சு.

அதைப் பாவாயியிடம் எடுத்துச் சொல்லும் பொறுப்பும் என்னுடையதுதான். பக்குவமாகச் சொன்னேன்.

“நாலு நாளுதானுங்களே சார். பொறுத்துக்கறனுங்க” என்றாள்.

இரண்டு மணி நேரம்

நாலாம் நாள் காலையில் பஸ்ஸிலிருந்து அவளை நல்லம்மா கைத்தாங்கலாக இறக்கினாள். ஆள்காட்டி விரல் செவ்வாழைப்பழம் மாதிரி வீங்கியிருந்தது. முகத்தில் காய்ச்சல் தெரிந்தது. மலையில் மஞ்சளும் ஏதோ பச்சிலையும் அரைத்து வைத்துக் கட்டியிருந்தார்கள். அந்தக் கட்டு தூரத்திலிருந்தே கண்ணைக் குத்தியது.

மேனேஜர் பார்த்தார். “இந்தக் கையோட லைன்ல உக்காரவைக்க முடியாது. வேஸ்ட் குடோன்ல இருக்கட்டும். இன்னைக்கு லீவுன்னு போட்டுருங்க” என்றார்.

நான் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே லீவு என்று எழுதினேன். பிறகு அவளைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். வெட்டி எறிந்த துணித்துண்டுகளை மூட்டை மூட்டையாக அடுக்கிவைக்கிற குடோன் அது. ஜன்னல் கிடையாது. ஒரு மூட்டையைச் சரித்து அவள் உட்கார இடம் பண்ணினேன். ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தேன். தண்ணீர் கொடுத்தபோது என்னைப் பற்றி எனக்கே நல்ல அபிப்பிராயம் உண்டாயிற்று.

“ஏனுங்க சார், பூட்டோணுமா?”

“ரெண்டு மணி நேரம்தான்மா. அவர் சுத்திப் பாக்க வந்தா திறந்து பாத்துருவார். முடிஞ்சதும் நேரா ஆஸ்பத்திரிதான்.”

“செரிங்க சார். மறந்துறாதீங்க” என்றாள்.

பூட்டினேன். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

இன்ஸ்பெக்ஷன் சார் பத்து மணிக்கு வந்தார். தங்கமான மனிதர். மேனேஜர் நீட்டிய மலைத்தேன் பாட்டிலைக்கூடக் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டார். ஒவ்வொரு பதிவேட்டையும் பக்கம் பக்கமாகப் பார்த்தார். ஊசி நோட்டில் என் கைவேலையைப் பார்த்து, “இவ்வளவு ஒழுங்காக நான் எங்கேயும் பார்த்ததில்லை” என்றார். பாழாய்ப்போன மனசு அப்போதும் குளிர்ந்தது.

மேனேஜருக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. வெறும் மணியடித்துத் தீயணைப்பு ஒத்திகை காட்டினால் போதாது, புகையோடு காட்டலாம் என்று நினைத்தார். வாட்ச்மேனைக் கூப்பிட்டு ஒரு தகர டின்னில் பனியன் வேஸ்ட்டைப் போட்டுக் கொளுத்தச் சொன்னார். எக்ஸ்போர்ட் துணிக்குப் புகை நாற்றம் ஏறிவிடக் கூடாது அல்லவா? அதனால் வாட்ச்மேன் எல்லாவற்றுக்கும் கடைசியில், பின்பக்கம், குடோன் கதவுக்குப் பக்கத்தில் டின்னை வைத்தான். உள்ளே ஆள் இருப்பது அவனுக்குத் தெரியாது. அவனிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஆள் நான்தான்.

நான் ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டின்னிலிருந்து கரும்புகை எழுந்தது. மலைக்காற்று அதைக் குடோன் கதவுக்கடியில் தள்ளியது. பார்த்தேன். நன்றாகத் தெரிந்தது.

மணி அடித்தது.

பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். டின்தானே, இரண்டு நிமிஷத்தில் அணைந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மஞ்சள் கோட்டின் மேல் நடந்தேன். ஒழுங்காக நடந்தேன். இன்ஸ்பெக்ஷன் சார் பக்கத்தில் இருந்தார்.

வேப்பமரத்தடியில் பெயர்களைக் கூப்பிட்டேன். பதினோரு பேரைத் தவிர எல்லாரும் இருந்தார்கள். பாவாயியின் பெயரைக் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை. பதிவேட்டின்படி அவள் லீவில் இருந்தாள். லீவில் இருக்கிற ஆளுக்கு மூச்சு முட்டாது.

சிவப்பு சிலிண்டர்

பாவாயி உள்ளே இருந்ததால்தான் ஓடினீர்களா என்று நல்லம்மாவைப் பிற்பாடு ஒரு நாள் கேட்டேன். “அது அங்க போயித்தானுங்க தெரிஞ்சுது. பொகை வந்துச்சு, ஓடுனோம்” என்றாள்.

ஓடியவர்கள் டின்னை முதலில் உதைத்துத் தள்ளினார்கள். எரிகிற துணி சிதறி, வெளியே கிடந்த ஒரு வேஸ்ட் மூட்டை பற்றியது. குடத்துத் தண்ணீரை ஊற்றினார்கள், காலால் மிதித்தார்கள், வேப்பங்கொம்பை ஒடித்து வந்து அடித்தார்கள். அப்போதுதான் கதவை உள்ளிருந்து யாரோ தட்டுகிற சத்தம். பிறகு இருமல்.

“பாவாயி! கண்ணு!” என்று நல்லம்மா அலறியது வேப்பமரம் வரைக்கும் கேட்டது.

நான் ஓடியிருக்கலாம். என் சட்டைப் பையில் சாவி இருந்தது. நூறடி தூரம்கூட இல்லை. இன்ஸ்பெக்ஷன் சார் திரும்பிப் பார்த்தார், மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்தேன்.

சுவரில் தீயணைக்கும் சிவப்பு சிலிண்டர் மாட்டியிருந்தது. நல்லம்மா அதைப் பிடுங்கியெடுத்தாள். அதைத் திறந்து பீச்சுவது எப்படி என்று நாங்கள் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. அவள் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பூட்டின் மேல் போட்டாள். மூன்றாவது அடியில் கொண்டியோடு பூட்டு பிய்ந்து விழுந்தது. அந்தக் கம்பெனியில் அந்த சிலிண்டர் உபயோகப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

பாவாயியை வெளியே இழுத்துப் போட்டார்கள். இருமி இருமி வாந்தியெடுத்தாள். கண் சிவந்து நீர் வழிந்தது. கட்டுப் போட்ட கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டிருந்தாள். அந்த நிலையிலும் மறைத்தாள்.

இன்ஸ்பெக்ஷன் சார் பதறிப்போய் வந்தார். “ஏம்மா, உள்ளே என்ன பண்ணிட்டு இருந்தீங்க? யார் பூட்டினது?”

பாவாயி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் மற்ற பதினோரு பேரையும் ஒருமுறை பார்த்தாள். அவள் கணக்குப் போட்டது அந்த பஸ்ஸை என்று எனக்குத் தெரியும்.

“ஆரும் பூட்டலீங்க. கதவு எப்பவும் தெறந்துதாங்க இருக்கும்” என்றாள். பிய்ந்த பூட்டு அவள் காலடியில் கிடந்தது.

“கையில என்ன?”

“ஊட்டுல அருவாமனை பட்டுருச்சுங்க.”

ஒரு எழுத்துப் பிசகவில்லை. நான் நடத்திய வகுப்பில் அவள்தான் முதல் மார்க்.

இன்ஸ்பெக்ஷன் சார் பூட்டைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். “பழைய பூட்டு சார்” என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார். நேர்மையான மனிதர், சொன்னதைத்தானே எழுத முடியும்?

சாயங்காலம் சொன்னபடி ஜீப் போயிற்று. கம்பெனி வாக்குத் தவறவில்லை. டாக்டர் என்னை வாயில் வந்தபடி திட்டினார். முதல் கணு வரைக்கும் விரலை எடுக்க வேண்டியதாயிற்று. நாலு நாள் முன்னால் வந்திருந்தால் ஊசி நுனியை மட்டும் எடுத்திருப்பேன் என்றார். பஞ்சில் வைத்து அந்த ஊசி நுனியை என்னிடம் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன். நோட்டில்தான் இடமில்லையே.

எதிர்ப்பக்கம்

பத்து நாளில் ஃபேக்ஸ் வந்தது. இன்ஸ்பெக்ஷனில் கம்பெனி பாஸ். குறை என்று ஒன்றே ஒன்று எழுதியிருந்தார்கள். மலைப்பகுதித் தொழிலாளர்களுக்கு, தீ விபத்தின்போது எந்தத் திசையில் வெளியேறுவது என்பது தெரியவில்லை, கூடுதல் பயிற்சி கொடுக்க வேண்டும். மேனேஜர் சாக்லேட் கொடுத்தார். பயிற்சி கொடுக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்.

ஒரு மாதம் கழித்து அந்த வகுப்பை நடத்தினேன். பன்னிரண்டு பேரும் வந்திருந்தார்கள். பாவாயியை இப்போது துணி மடிக்கிற இடத்தில் போட்டிருந்தோம். தைக்க முடியாது, தைக்கிற சம்பளமும் கிடையாது. அவள் கடைசியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் தெரிந்தால் தேவலை என்று இருந்தது. தெரியவில்லை.

போர்டில் ஒரு தீயும் ஓர் அம்புக்குறியும் வரைந்தேன்.

“தீ இங்கே இருந்தா நாம எந்தப் பக்கம் போகணும்? எதிர்ப்பக்கம். என்ன ஆனாலும் எதிர்ப்பக்கம்தான்.”

நல்லம்மா கையைத் தூக்கினாள்.

“உள்ள ஆளு இருந்தா, சார்?”

“இருந்தாலும் நீங்க வெளியே வந்துறணும். அதுக்குன்னு ஆளுங்க வருவாங்க.”

“அந்த ஆளுங்க ஆருங்க?”

அது பதினான்கு கேள்விகளில் இல்லை. ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லலாம் என்றால், ஆபீஸ் நான்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. முதன்முதலாக அந்த வேலையில் வெட்கமாக இருந்தது.

“செரி, உடுங்க” என்றாள் நல்லம்மா. “உள்ள நீங்க மாட்டிக்கிட்டா என்னங்க பண்றது?”

யாரும் சிரிக்கவில்லை. அவளும் கேலியாகக் கேட்கவில்லை. பதில் தெரிய வேண்டும் என்றுதான் கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் பாவாயி பின்னாலிருந்து சொன்னாள். அன்றைக்கு அவள் பேசியது அது ஒன்றுதான்.

“நாங்க வந்துருவோங்க சார். நீங்க வரிசையில நில்லுங்க.”

வகுப்பு முடிந்தது. பயிற்சி கொடுத்தாயிற்று என்பதற்குப் பதிவேட்டை நீட்டிப் பன்னிரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினேன். பாவாயி இடது கையால் மெல்ல மெல்ல, எழுத்துக் கூட்டிப் போட்டாள். அவள் போட்டு முடிக்கிற வரைக்கும் நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.